கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு

"ஏம்மா, ஆரம்பத்துலயே கொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சே, மிச்சத்தை எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே சார் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நாங்கள் ஐந்தாறு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மொட்டைமாடியில் கூடித் துப்பறியும் கதைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். வேறு இலக்கியம் பேசினால் டீ கிடையாது என்று ஒரு விதியே உண்டு. அந்த மாதம் புத்தகம் கொடுக்கும் முறை என்னுடையது. நான் கொடுத்திருந்தது கரீபியன் தீவான பார்படோஸைச் சேர்ந்த எழுத்தாளர் செரி ஜோன்ஸ் 2021இல் எழுதிய 'ஹவ் தி ஒன்-ஆர்ம்ட் சிஸ்டர் ஸ்வீப்ஸ் ஹெர் ஹவுஸ்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடைசிப் பக்கத்தில் கணக்கு டேலி ஆகாத கதை அவருக்கு ஆகாது. "இது குற்றக்கதை இல்லம்மா, குடும்பக் கஷ்டம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அப்புறம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் வந்து நிற்கும். குற்றம் ஒரு பக்கம், குடும்பக் கஷ்டம் இன்னொரு பக்கம் என்று நடுவில் கோடு கிழித்தது யார்? சரி, அவர் சொன்னதும் முழுப்பொய் இல்லை. அந்த நாவலில் கொன்றது யார் என்பது நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. லாலா என்கிற பெண் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தலை பின்னிவிட்டுப் பிழைக்கிறவள். நிறைமாதம். இரவில் வலி எடுத்து, ரத்தமும் போகத் தொடங்க, புருஷனைத் தேடிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். யாராவது உதவ மாட்டார்களா என்று பணக்காரர்களின் பங்களா ஒன்றின் அழைப்பு மணியை அடிக்கிறாள். உள்ளே துப்பாக்கி வெடிக்கும் சத்தம். வெளியே வருவது அவள் புருஷன் ஆடன். அவ்வளவுதான், மர்மம் முடிந்தது. செத்தவர் இங்கிலாந்திலிருந்து வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர், சுட்டவன் யாரென்று லாலாவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். சார் புத்தகத்தை மூடிய இடம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

நானோ மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று யோசித்துப் பார்த்தால், அந்த மணியை அடித்தது அவள்தானே என்கிற ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்து இழுத்திருக்கிறது. உதவி கேட்டு அடித்த மணி அது. பிறகு வரும் பக்கங்கள் முழுவதும் அவளால் இன்னொரு மணியை அடிக்க முடியவில்லை. போலீஸிடம் சொல்ல முடியவில்லை, பாட்டியிடம் சொல்ல முடியவில்லை. கைக்குழந்தை புருஷன் பெண்டாட்டி இழுபறியில் கீழே விழுந்து சாகிறது, அதற்கும் வேறு ஒரு கதை ஜோடித்துச் சொல்லப்படுகிறது. விசாரிக்க வரும் சார்ஜென்ட்டின் மனசோ பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் சிக்கிக் கிடக்கிறது. கொன்றது யார் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டதால், தெரிந்தவர்களால் அதை ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் மிச்சப் பக்கங்களை ஓட்டுகிறது. கதை நடப்பது 1984இல். பார்படோஸில் வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு ஆணை கொடுக்கும் சட்டம் வந்ததே 1992இல்தான். செரி ஜோன்ஸ் ஒரு வழக்கறிஞர், ஆண்டை அவர் சும்மா தேர்ந்தெடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். புருஷன் அடிக்கிறான் என்று லாலா புகார் கொடுக்கப் போயிருந்தாலும், அவளுக்குப் பாதுகாப்பு கொடுக்க அப்படி ஒரு சட்டம் அங்கே இல்லை. குடும்பக் கஷ்டம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பூச்சாண்டிக் கதைகள்

நாவல் தொடங்குவது கொலையோடு இல்லை, பாட்டி சொல்லும் ஒரு கதையோடு. அக்கா தங்கை இரண்டு பேர். அம்மா போகாதே என்று சொன்ன சுரங்கத்துக்குள் ஒருத்தி போகிறாள், உள்ளே இருந்த ஏதோ ஒன்றிடம் கையைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். சொல் பேச்சு கேட்காத பெண்ணுக்கு என்ன ஆகும் பார் என்பதற்காகச் சொல்லப்படும் கதை. அதைக் கேட்ட சிறுமி லாலாவுக்கு வரும் சந்தேகம்தான் தலைப்பு: ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் வீடு எப்படிக் கூட்டுவாள்? பாட்டி எதிர்பார்த்தது பயம், வந்தது வீட்டுவேலை பற்றிய ஒரு கேள்வி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இரண்டு பக்கம் தள்ளி அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறைக்கும் நடந்த கொடுமை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, சுரங்கத்தில் எதுவும் இல்லை. பாட்டிக்கு அது தெரியும். தெரிந்ததைப் போலீஸிடம் போய்ச் சொல்ல முடியாததால் கதையாக்கிப் பேத்தியிடம் சொல்கிறாள், அதிலும் தப்பைப் பெண் தலையில் கட்டிவிட்டு.

இன்னொரு கரீபியன் தீவான டிரினிடாடிலும் இப்படி ஒரு பூச்சாண்டி உண்டு, ஆனால் அவன் நிஜ மனிதன். பாய்ஸி சிங். 1908இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்த பஞ்சாபி வம்சாவளிக்காரன், சூதாட்ட விடுதி நடத்தியவன், டிரினிடாடுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவில் உள்ள கடலில் படகில் ஆட்களை ஏற்றிப் போய்க் கொள்ளையடித்துக் கடலில் தள்ளினான் என்று பேரெடுத்தவன். அடம் பிடிக்கும் குழந்தைகளிடம் "சும்மா இரு, பாய்ஸி வந்து பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று தாய்மார்கள் சொல்வார்களாம். 1957 ஆகஸ்டில் அவனைத் தூக்கிலிட்டார்கள். நூற்றுக்கணக்கில் ஆட்களைக் கொன்றவன் என்று ஊர் பேசியது, ஆனால் அவன் கழுத்தில் கயிறு விழுந்தது தெல்மா ஹேன்ஸ் என்கிற நடனக்காரி ஒருத்தியைக் கொன்றதற்காக. அவனைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் அவனுடைய பளபளக்கும் உடை, கெத்து, எத்தனை கேஸில் தப்பித்தான் என்கிற கணக்கு என்றே ஓடின. 2024இல் இங்க்ரிட் பெர்சாத் 'தி லாஸ்ட் லவ் சாங்ஸ் ஆஃப் பாய்ஸி சிங்' எழுதியபோது பாய்ஸியின் வாயிலிருந்து கதையைப் பிடுங்கி நான்கு பெண்களிடம் கொடுத்துவிட்டார். போபோ, மனா லாலா, டோரிஸ், ரோஸி. ஒருத்தி அவன் குழந்தைக்குத் தாய், ஒருத்தி அவனைக் கல்யாணம் செய்துகொண்டவள், ஒருத்தி கடைக்காரி. நால்வரும் அவனைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது வேறு வேறு. நால்வரையும் கூட்டினாலும் ஒரு வழக்கு தேறாது. அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், படித்து முடித்தபோது அவன்மேல் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது, எழுத்தாளருக்கும் வந்திருக்கிறது என்று சந்தேகம். அது அந்த நாவலின் பலவீனமா, அந்தப் பெண்கள் ஏன் ஓடவில்லை என்பதற்கான பதிலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெயர்கள் நம் பக்கத்துப் பெயர்களாக இருப்பதால் படிக்கும்போது மனம் தானாக மெட்ராஸைத் தேடும், எனக்கும் தேடியது. 1845 மே மாதம் முதல் கப்பல் டிரினிடாடில் கரையேறியதிலிருந்து 1917 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறக்குறைய 1,43,000 பேர். பெரும்பாலானவர்கள் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரிக்காரர்கள், மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் கொஞ்சம்தான். நூறு ஆணுக்கு நாற்பது பெண் வேண்டும் என்பது ஒரு கட்டத்தில் விதி, அதையே நிரப்ப முடியாமல் திணறியிருக்கிறார்கள். தோட்டங்களில் பெண்களை வெட்டிக் கொல்வது அடிக்கடி நடந்தது, கரும்பு வெட்டும் அதே கத்தியால். பெண்கள் எண்ணிக்கை குறைவு, அவர்கள் நடத்தை சரியில்லை, அதனால் ஆண்களுக்குப் பொறாமை என்று வெள்ளை அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். கயானா வம்சாவளிப் பத்திரிகையாளர் கையூத்ரா பகதூர் 2013இல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் காகிதங்களைத்தான் கிளறுகிறார். அவருடைய கொள்ளுப்பாட்டி 1903இல் வயிற்றில் பிள்ளையோடு தனியாகக் கப்பல் ஏறியவர். அது கதைப் புத்தகம் இல்லை. ஆனால் அங்கேயும் இதே நிலைமை: வெட்டியவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும், பெரும்பாலும் புருஷன், பதிவேட்டில் பெயர்கூட இருக்கும். வெட்டுப்பட்டவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

ஒரு கவுன் திருட்டு

சாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் தேடிப் போனது இந்த இரண்டையும் விடப் பழைய ஒரு புத்தகத்துக்கு. ஷானி மூட்டூ 1996இல் எழுதிய 'சீரியஸ் ப்ளூம்ஸ் அட் நைட்'. அவர் டிரினிடாடில் வளர்ந்து கனடாவில் குடியேறியவர். சீரியஸ் என்றால் வேறொன்றும் இல்லை, நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லித் தொட்டியில் வளர்த்து, மொட்டு விட்டதும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி, ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக் காத்திருந்து படம் எடுப்போமே, அந்த வகைச் செடிதான். நாவலில் அது ஒரு பிணத்தின் நாற்றத்தோடு மல்லுக்கு நிற்கிறது. மாலா ராம்சந்தின் என்கிற கிழவியின் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் வருஷக்கணக்காக அவள் அப்பாவின் பிணம் இருக்கிறது, அவள் வெளியே தோட்டத்தில் பூச்சி பறவைகளோடு வாழ்கிறாள். அந்த அப்பா தன் இரண்டு பெண்களையும் என்ன செய்தான் என்பது ஊருக்குத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி அவனை விட்டுப் போய்விட்டாள், அதுவும் மிஷனரி வீட்டு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியோடு, அதனால் அவன் பாவம் என்று ஒரு அனுதாபம் வேறு.

முதல் முறை நான் இதைப் படித்தது பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கொலைக் கதையாக. அந்த அப்பா ராம்சந்தின் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் முதல் ஐம்பது பக்கத்தைத் தாண்டித் தாண்டி ஓடினேன். இந்தத் தடவை அந்த ஐம்பது பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். அப்பாவைக் கொன்றாள் என்கிற வழக்கில் சாட்சியம் இல்லை என்று நீதிபதி தள்ளுபடி செய்ய, மாலாவைக் கட்டிலோடு கட்டி முதியோர் விடுதிக்குக் கொண்டுவருகிறார்கள். கொலைகாரி என்று நர்ஸுகள் பயந்து கிட்டே போவதில்லை. அங்கே டைலர் என்று ஒரே ஒரு ஆண் நர்ஸ். நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரிவதால் அவனையும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, ஏணி தூக்கு, கூரையைப் பார் என்று எடுபிடி வேலைதான் கிடைக்கும். யாரும் விரும்பாத நோயாளியை யாரும் விரும்பாத நர்ஸிடம் தள்ளிவிடுகிறார்கள். அவன் முதலில் அவள் கட்டுகளை அவிழ்க்கிறான். அவள் பேசுவதில்லை, கிளி மாதிரி, வெட்டுக்கிளி மாதிரி சத்தம் கொடுக்கிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். வாரக்கணக்கில். கேட்டு, கோத்து, எழுதுகிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கதையில் துப்பறிகிறவன் இவன்தான். தொப்பியும் நோட்டுப்புத்தகமுமாக வரும் போலீஸுக்குக் கிடைக்காத வாக்குமூலம் படுக்கை விரிப்பு மாற்றுகிறவனுக்குக் கிடைக்கிறது.

அப்புறம் அந்தக் கவுன். மாலா ஒரு நாள் கொடியில் காய்ந்த பெண் நர்ஸ் சீருடை ஒன்றைத் திருடிக்கொண்டு வந்து டைலரிடம் கொடுக்கிறாள். கொலை செய்தாளா இல்லையா என்று எல்லாரும் குசுகுசுக்கும் ஒருத்தி நம் கண்ணெதிரே செய்யும் குற்றம் இந்தத் துணித் திருட்டு. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உடுத்துகிறான். காலுறை வரைக்கும். உடம்பே வேறு மாதிரி ஆகிவிட்டதாக உணர்கிறான், அவள் முன்னால் போய் நிற்கிறான். கைதட்டுவாள், சிரிப்பாள், ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்க்கிறான். மாலா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவனுக்கு முகம் விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிகிறது, அவளுக்கு இதில் பாராட்டவும் ஒன்றும் இல்லை, கேலி செய்யவும் ஒன்றும் இல்லை. அது அவன் துணி, அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வாழ்நாள் முழுக்க ஊரே வேடிக்கை பார்த்த ஒரு கிழவிக்கு, இன்னொருவரை வேடிக்கை பார்க்காமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. டைலர் அவளை விசாரிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவனை அவள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள், வாக்குமூலம் எதுவும் கேட்காமலே.

இதில் சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் கனமாகும். டிரினிடாடில் 1986இல் ஒரு பாலியல் குற்றச் சட்டம் வந்தது. மனைவியைப் புருஷன் வல்லுறவு செய்வதைச் சில நிபந்தனைகளோடு முதல் முறையாகக் குற்றம் என்று சொன்ன சட்டம் அது. அதே சட்டம்தான் பெண்ணும் பெண்ணும் உறவு கொள்வதையும் முதல் முறையாகக் குற்றமாக்கியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது. மூட்டூ நாவலை எழுதும்போது நிலைமை அதுதான். 2018இல் உயர் நீதிமன்றம் இதன் சில பிரிவுகள் செல்லாது என்றது, ஒருபால் உறவுக்கு எதிரான பிரிவுக்கு 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்துவிட்டது. மூட்டூ டிரினிடாட் என்று பெயர் சொல்வதில்லை, லாண்டனகமாரா என்று ஒரு கற்பனைத் தீவு. ஆனால் ஓடிப்போன அம்மாவும் அவள் காதலியும், கவுன் போட்ட டைலரும், பெண்ணாகப் பிறந்து ஆணாகவே வளர்ந்துவிட்ட ஓட்டோ என்கிற இளைஞனும் ஊர் கண்ணில் ஒரு பக்கம். பெற்ற மகளைச் சீரழித்தவன், கோயிலுக்குப் போகிற மாதிரி சர்ச்சுக்குப் போய்வந்த மரியாதையான மனிதன், இன்னொரு பக்கம். ஓட்டோதான் கடைசியில் அந்த வீட்டுக்கு நெருப்பு வைத்துப் பிணத்தை இல்லாமல் ஆக்குகிறான். துப்பறியும் கதையில் சாட்சியத்தை அழிப்பவன் வில்லன். இங்கே அந்த வீடு சீக்கிரம் எரியட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

குறையும் இருக்கிறது. ஓட்டோ, டைலர் என்று ஜோடி சேர்ப்பதில் கடைசியில் ஒரு அவசரம், எல்லாருக்கும் நல்லபடியாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்கிற ஆசை. செரி ஜோன்ஸிடம் இதற்கு நேர்மாறான குறை, ஒரு பெண்ணின் தலையில் இத்தனையுமா இறங்க வேண்டும் என்று நடுவில் இரண்டு நாள் தொட முடியாமல் வைத்துவிட்டேன்.

எந்தப் பாஷையில் சொல்வது

லிசா ஆலன்-அகஸ்டினி என்று ஒருவர் இருக்கிறார், டிரினிடாட்காரர், மேடையில் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையும் செய்பவர். 2008இல் அந்தத் தீவின் குற்றக்கதைகளை ஒரு தொகுப்பாக இன்னொருவரோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2021இல் 'தி பிரெட் த டெவில் நீட்' என்று அவருடைய நாவல் வந்தது. சாத்தான் பிசைந்த ரொட்டி. வாழ்க்கையில் படாத பாடு பட்டவர்களைப் பற்றி அந்த ஊரில் சொல்லும் சொலவடை. அலெத்தியா துணிக்கடை மேனேஜர், நாற்பதை நெருங்குகிறவள், நன்றாக உடுத்துகிறவள். உடம்பில் இருக்கும் காயத்தை மறைக்கத்தான் பாதி உடை. தன் கண்ணெதிரே ஒரு பெண் காதலனால் கொல்லப்படுவதைப் பார்க்கிறாள். இதை அவள் பேச்சுமொழியிலேயே, அந்தத் தீவில் பேசும் கலப்பு ஆங்கிலமான கிரியோலிலேயே, நம்மிடம் கொட்டுகிறாள். முதல் பத்துப் பக்கம் எனக்குத் தடுக்கியது, வாய்விட்டுப் படித்ததும் வழிக்கு வந்துவிட்டது. வாக்குமூலம் எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் பேச்சுமொழியைத் திருத்தி எழுதுகிறவர்கள்தானே. "அடிச்சுப் போட்டான் சார்" என்பது "தாக்கினார்" ஆகும்போது பாதி உயிர் போய்விடும். திருத்தாத வாக்குமூலம் எப்படி இருக்கும் என்று ஒரு நாவல் முழுக்கக் காட்டுகிறார் அவர். நடுநடுவே சிரிப்பு வேறு வருகிறது.

இவ்வளவையும் யோசித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதம் சார் வீட்டுக்குப் போனேன், ஒரு பேப்பரில் குறிப்புகூட எடுத்திருந்தேன். அவர் போன கூட்டத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகத்தையும் பையில் வைத்திருந்தேன். எடுத்துப் பிரித்தபோது உள்ளே மளிகைக்கடை பில் ஒன்று அடையாளமாக வைத்திருந்தது. பாதிக்கு மேலே, குழந்தையை அடக்கம் செய்துவிட்ட பிறகு வரும் பக்கங்களில். "சார், நீங்க ஆரம்பத்துலயே நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன். அவர் பில்லை வாங்கிப் பார்த்தார், உளுந்து, பட்டாணி, பெருங்காயம். "இது நான் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி பக்கம் பார்த்தார்.

சார் வீட்டு அக்கா டீத்தட்டோடு மேலே வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் எடுத்தவர், எங்கள் கூட்டத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, நாங்களும் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி சார் என்னிடம் கொடுத்துவிட்டாராம், முடிக்க விடவில்லை. புத்தகத்தை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை, தட்டைக் கீழே வைத்து ஒவ்வொரு டம்ளராக எடுத்துக் கொடுத்தார். கடைசி டம்ளரை எனக்குக் கொடுக்கும்போது மட்டும் குனிந்து, "அந்தப் பொண்ணு கடைசியில தப்பிச்சாளா?" என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணு இருந்தா கொண்டு வா" என்றார். "குழந்தை சாகாததா பாத்து."